வழியனுப்ப ஓர் ஆள்

1

இந்தக் கதை ஒரு விமர்சனத்திலிருந்து பிறந்தது. இலக்கிய விமர்சனம் என்று பயந்துவிடாதீர்கள். ஃபிஜியில், நாடிக்கு வடக்கே சபேட்டோ பள்ளத்தாக்கில் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் ஒரு வீட்டைப் பற்றி, தங்கிப் போன யாரோ இணையத்தில் எழுதிய நாலு வரிதான். வீடு சுத்தம், நீச்சல் குளம் அருமை, குடும்பமாக நன்றாக ஓய்வெடுத்தோம், அத்தை மட்டும் கடைசிவரை உட்காரவே இல்லை.

அந்தக் கடைசி வரி என்னை விடவில்லை. யார் அந்த அத்தை, ஏன் உட்காரவில்லை? கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. எழுதித் தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: ‘கரும்புத் தோட்டத்தின் மேல் அந்திச் சூரியன் தன் பொற்கரங்களை’ — வேண்டாம். சூரியன் தன் பாட்டுக்கு இருக்கட்டும்.

இரண்டாம் தொடக்கம்: ‘1987-இல் ஃபிஜியில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பின் விளைவாக இந்திய வம்சாவளியினர் பெருமளவில்’ — பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி இருக்கிறது. இதை அடிக்குறிப்பில் தள்ளிவிடுகிறேன்.*

மூன்றாம் தொடக்கம்: உர்மிளா அந்த விடுமுறை வீட்டுக்குக் கேஸ் அடுப்போடு வந்து சேர்ந்தாள்.

இது நிற்கிறது. இதையே வைத்துக்கொள்வோம்.

* கவிழ்ப்பு நடந்த ஆண்டுகள் மூன்று, உர்மிளா கணக்கில் மூன்று வழியனுப்பல்கள். எண்பத்தேழுக்குப் பிறகு பெரியண்ணன் சதேந்திரா கனடா போனார். இரண்டாயிரத்துக்குப் பிறகு சின்னண்ணன் சுரேந்திரா ஆக்லாந்து போனார். இரண்டாயிரத்து ஆறுக்குப் பிறகு மகள் ஷாயல் பிரிஸ்பேன் போனாள். புருஷனும் போய்ச் சேர்ந்துவிட்டார், அதற்கு எந்த ராணுவமும் காரணமில்லை.

3

உர்மிளா கேஸ் அடுப்போடு வந்து சேர்ந்தாள். கூடவே நாலு பானை, தலையணை, பாய், மாற்றுத் துணிப் பை, பழைய ஐஸ்கிரீம் டப்பாக்களில் மிளகாய் ஊறுகாய், ஒரு நீலப் பெட்டி. வாடகை வீடு என்றதும் கல்யாண வீட்டுக்கு எடுத்த மண்டபம் போல வெறுந்தரையாக இருக்கும் என்று நினைத்துவிட்டாள். உள்ளே பாத்திரம் கழுவும் மெஷின் வரைக்கும் இருந்தது.

அவள் நாடியிலேயே மார்டின்டார் பகுதியில் இருப்பவள். அங்கிருந்து இந்த வீட்டுக்குக் காரில் கொஞ்ச தூரம்தான். ஆக்லாந்திலிருந்து சுரேந்திராவும் அவர் மனைவி ஜான்கியும், மகன் ஷிவ்னீலும் மருமகள் விஷாலியும் வந்திருந்தார்கள். எல்லோரும் ஓய்வெடுக்க வேண்டும், அத்தையும்தான் என்று ஷிவ்னீல் பிடித்த வீடு இது. அத்தை காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை. ரொட்டி சுட்டாள், டாலோ என்கிற சேம்புக் கீரையில் பஜியா போட்டாள், ஈரத் துண்டுகளைக் காய வைத்தாள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மேரே பக்கத்துக் கிராமத்துப் பெண். அவள்கூட ஃபிஜி ஹிந்தியில், “பைட்டோ தீதி, உட்காருங்க அக்கா” என்று சொல்லிப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டாள். எதிரே தூங்கும் ராட்சசன் என்று பெயர் வாங்கிய மலை நீட்டிப் படுத்திருந்தது. சொன்னபடி ஓய்வெடுத்தது அது ஒன்றுதான்.

[இங்கே வாசகர் கேட்கலாம்: வேலை செய்து பழகிய பெண், அதனால் உட்காரவில்லை, அவ்வளவுதானே? நானும் முதல் பிரதியில் அப்படித்தான் எழுதினேன். சப்பென்று இருந்தது. பிறகு அந்த நீலப் பெட்டி கண்ணில் பட்டது. ஒரு வாரமாக வாசலருகே அப்படியே நின்றது. அவள் அதைத் திறக்கவே இல்லை.]

4

உர்மிளாவும் போகிறாள். பிரிஸ்பேனுக்கு, ஷாயலிடம், ஒரேயடியாக. மார்டின்டார் வீட்டைக் காலி செய்துவிட்டாள். அண்ணன் குடும்பம் ஆக்லாந்து திரும்பும் நாளிலேயே அவளுக்கும் விமானம். ஷாயலிடம் அவளே அந்த நாளைக் கேட்டு வாங்கினாள். மற்றவர்களை வழியனுப்பிய தன்னை ஒருமுறையாவது யாராவது வழியனுப்பட்டும் என்ற ஆசை. ஆனால் கிடைத்த விமானம் ஆக்லாந்து விமானத்துக்குப் பிறகுதான் கிளம்புகிறது. அன்றைக்கும் அவள்தான் எல்லோருக்கும் கையாட்டுவாள். பிறகு தன் பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு போவாள்.

இதை வந்த அன்றே சொல்லிவிடுவதாக இருந்தாள். சுரேந்திரா முந்திக்கொண்டார்.

(சுரேந்திராவைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்காக உருகுகிற ஆளைக் கதையில் வைப்பது சுலபம், நம்புவது கஷ்டம். அவரை எடுத்துவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை.)

குளத்தில் காலை விட்டுக்கொண்டு, தங்கையிடம் மட்டும் பேசுகிற தமிழில் அவர் சொன்னார்: “தேர்தல் வருதுங்கறாங்க, எல்லாம் அச்சாதான் ஆவும். ரிட்டையர் ஆனதும் உன் பக்கத்துலயே வந்துடுவேன். நீ இங்க இருக்கற வரைக்கும்தான் தங்கச்சி நமக்கு ஒரு ஊரு.”

அதற்குப் பிறகு உர்மிளா எப்படி வாயைத் திறப்பாள்? பஜியா கருகுகிறது என்று நகர்ந்து போனாள். மார்டின்டார் வீட்டை எட்டிப் பார்க்கலாம் என்று ஜான்கி கேட்டபோது, வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தாள். தலைக்கு மேலே விமானங்கள் தாழ்வாகப் போகும்போதெல்லாம் கழுவிய பானையையே மறுபடி கழுவினாள். உட்கார்ந்தால் யாராவது பக்கத்தில் வந்து உட்காருவார்கள், பேச வேண்டி வரும். நின்றுகொண்டே இருந்ததற்கு அதுதான் காரணம்.

5

ஊருக்குக் கிளம்பும் காலையில் இந்தக் குடும்பங்களில் ஒரு சடங்கு உண்டு. பெட்டிகளைக் கூடத்தில் பரப்பி, கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்து, கனத்த பெட்டியில் இருப்பதை இளைத்த பெட்டிக்கு மாற்றுவார்கள். யார் பெட்டி என்றெல்லாம் பார்ப்பதில்லை, எல்லாம் ஒரே குடும்பத்துச் சுமை. சுரேந்திரா இதில் கைதேர்ந்தவர். ஊறுகாயும், கவா பானத்துக்கு இடிக்கிற யங்கோனா வேரும் கனத்தன. வாசலருகே இருந்த நீலப் பெட்டியைத் தூக்கினார், இளைத்ததாக இருந்தது. மருமகளுடையது என்று நினைத்துத் திறந்தார்.

மேலே ஒரு கம்பளி ஸ்வெட்டர். முன்பு வந்தபோது ஜான்கி விட்டுப்போனது. சபேட்டோ வெயிலுக்கு ஸ்வெட்டரை யாரும் மூட்டை கட்டமாட்டார்கள். அதன் கீழே உர்மிளா வீட்டுச் சமையலறைச் சுவரில் இருந்த மாரியம்மன் படம், துணியில் சுற்றியபடி. சாமி படத்தைக் கழற்றிய வீட்டுக்கு யாரும் திரும்பி வருவதில்லை. அது அவருக்கும் தெரியும். ஆக்லாந்து போன அன்று அவரும் அப்படித்தான் கழற்றினார்.

“எந்த ஊருக்கு?”

“பிரிஸ்பேன். இன்னிக்கேதான், உங்க ப்ளேனுக்கு அப்புறம்.”

“எங்கிட்ட சொல்லக் கூடாதா?”

“நீ என்னையே ஊருன்னு சொல்லிட்டியே அண்ணே. ஊரு போவுதுன்னு எப்படிச் சொல்லுவேன்?”

6

இங்கே என் கையில் மூன்று முடிவுகள் இருந்தன.

அ. சுரேந்திரா கோபத்தில் பேசாமலே விமானம் ஏறுகிறார். (எழுதினேன். அவருக்கு அவ்வளவு கல்நெஞ்சு இல்லை.)

ஆ. டிக்கெட்டை மாற்றிக்கொண்டு, தங்கையை வழியனுப்பப் பின்தங்குகிறார். (எழுதினேன். எனக்கே கண் கலங்கியது. அதனால் அடித்துவிட்டேன்.)

இ. உர்மிளா மனம் மாறி ஸ்வெட்டரை எடுத்து — இதை முழுதாக எழுதவே கை வரவில்லை. அவள் இந்த ஊரில் இருந்தது போதும்.

நடந்தது இது. சுரேந்திரா தரையில் உட்கார்ந்து நீலப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு தன் ஊறுகாய் டப்பாக்களில் இரண்டை எடுத்து, மாரியம்மனுக்குப் பக்கத்தில் சாயாமல் வைத்தார். “உன்னுதுல எடம் இருக்கு. அங்க கஸ்டம்ஸ் ஆபீசர் கேட்டா ஒளிக்காம சொல்லிடு” என்றார். ஜான்கி ஸ்வெட்டரை உதறி மடித்து மேலே வைத்தாள். இப்போது பெட்டி மூடவில்லை.

“ஏறி உக்காரு” என்றார் அண்ணன்.

உர்மிளா உட்கார்ந்தாள். அவர் மண்டியிட்டு, அவளைச் சுற்றி ஜிப்பை இழுத்து மூடினார். மூடிய பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை, அவரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. (அந்த விமர்சனத்தை எழுதியவள் விஷாலிதான் என்று வைத்துக்கொள்வோம், அவள் அப்போது குளத்தில் இருந்தாள். அதனால்தான் அந்த வரியில் பிழை.)

7

விமான நிலையத்தில் ‘பயணிகள் மட்டும்’ என்று எழுதிய கதவு வரை எல்லோரும் வந்துவிட்டார்கள். இத்தனை வருஷமாக உர்மிளா நின்று கையாட்டிய இடம் இதுதான். சுரேந்திரா அவளையும் சேர்த்து உள்ளே கூட்டிப்போகிறார். வேனில் கூட வந்த மேரே பார்க்கிங்கிலேயே விடைபெற்றுப் போய்விட்டாள், அந்த வீட்டுக்கு அடுத்த கும்பல் மத்தியானமே வருகிறது. நானும் அவர்களோடு போக வேண்டியவன், பாதிக் கதை இன்னும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

உர்மிளா கதவருகே ஒரு கணம் திரும்பிப் பார்ப்பாள். பழக்கம் அப்படி. அங்கே யாராவது நிற்க வேண்டும்.

நீங்கள் நில்லுங்கள். கை வலித்தாலும் அவள் மறைகிற வரை ஆட்டுங்கள்.