முழங்கால் சரியில்லை

மாலகி கில்ரேன் வாயைத் திறந்தால் கூரை இல்லாத வீட்டுக்கும் ஆள் வந்துவிடும் என்பார்கள் அயர்லாந்தின் லீட்ரிம் பக்கத்தில். வீடு விற்றுக் கொடுக்கிற தரகர். பிழைப்பு தேடி வெளிநாடு போனவர்கள் பூட்டிவிட்டுப் போன வீடுகள்தான் அவருக்குச் சரக்கு. ஊரார் வீட்டுச் சாவியெல்லாம் அவர் மேஜையில் கிடந்தது. ஆனால் தன் வீட்டுக் கதவைத்தான் அவரால் சாத்தி வைக்க முடியவில்லை. மகள் வான்கூவருக்குப் போனாள். மூத்தவன் கார்மக் சிட்னியில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறான். மிச்சம் இருந்தது கடைக்குட்டி யூனன் ஒருவன்தான். வாரமெல்லாம் மர ஆலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஊர் அணிக்காகப் பந்தாட்டம். இடது காலால் அவன் உதைத்தால் பந்து சொன்ன இடத்தில் போய் விழும். எதிரணிக்காரனே ஒரு கணம் நின்று பார்ப்பான்.

அவனும் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், "கார்மக் கூப்பிட்டுட்டே இருக்கான்பா" என்றான். அன்றைக்குத்தான் மாலகிக்கு லீக் பைத்தியம் பிடித்தது.

அயர்லாந்தின் கேலிக் பந்தாட்டமும் ஆஸ்திரேலியர்களின் பந்தாட்டமும் அக்காள் தங்கை பிள்ளைகள் மாதிரி. சாயல் உண்டு, ஒத்துப்போகாது. எப்போதாவது இரண்டையும் கலந்து ஒரு ஆட்டம் கட்டி, நாட்டுக்கு நாடு மோதுவார்கள், மூக்கு உடையும், அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கலப்பு ஆட்டத்தையே சம்பளம் கொடுத்து வருடம் முழுக்க நடத்தினால் என்ன? அங்கே மூன்று அணி, இங்கே மூன்று அணி. ஊருக்காக ஆடுகிறவனுக்கு இங்கே காசு கிடையாது, கைதட்டலும் ஹாம் சாண்ட்விச்சும்தான். லீக் வந்தால் யூனன் மேற்குப் பக்கத்துக் கொனாக்ட் அணிக்குச் சம்பளத்தோடு ஆடுவான், ராத்திரி வீட்டுக்கு வந்து சாப்பிடுவான். மாலகியின் உலக லீக் மொத்தமும் இந்த ஒரு தட்டுச் சோற்றுக்காகத்தான்.

"பையனை வீட்ல வச்சுக்க ஒரு உலக லீக்கா?" என்று சிரித்தாள் மனைவி அட்ராக்டா. "நாலு மாடு வாங்கிக் கொடு மாலகி. இருந்துட்டுப் போறான்."

"மாட்டை வித்து டிக்கெட் வாங்குவான், உன் புள்ளை."

"என் புள்ளையா? ஜெயிச்சா மட்டும் உன் புள்ளை!"

ஆஸ்திரேலியத் தரப்புக்கு டெஸ் ட்ரெஸைஸ் என்று ஒரு பழைய ஆட்டக்காரர். இருவரும் இரண்டு வருடம் மல்லுக்கட்டினார்கள். நீள்பந்தா, உருண்டைப் பந்தா? உருண்டைப் பந்து என்று மாலகி ஜெயித்தார். ஆளைப் பிடித்துக் கீழே தள்ளலாமா? தள்ளலாம் என்று டெஸ் ஜெயித்தார். கோலுக்கு வலை வேண்டும் என்று மாலகி மேஜையைத் தட்டினார், கிடைத்தது. எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது டெஸ் கேட்டார்: "ஆட்டக்காரங்களை வழக்கப்படி பிரிச்சுக்கலாம்தானே?"

"வழக்கப்படிதான். வேற எப்படி?" என்று சொல்லி மாலகி கை குலுக்கினார்.

யானையைக் கடக்கவிட்டு வாலில் மாட்டிக்கொண்டார் மனிதர். இங்கே ஒருவனைப் பார்த்து நீ எந்த அணிக்கு ஆடுவாய் என்று கேட்பது, உன்னைப் பெற்றவள் யார் என்று கேட்பதற்குச் சமம். பிறந்த மண்ணுக்கு ஆடுவான், வேறென்ன? அதனால் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்றே மாலகிக்குத் தோன்றவில்லை. ஆஸ்திரேலியர்களின் வழக்கமோ வேறு. எல்லாப் பெயர்களையும் ஒரே குவியலாகப் போட்டு, அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகப் பொறுக்கிக்கொள்ளும். எடுத்த ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

தேர்வு நாளுக்கு ஒரு வாரம் முன்னால், பொறுக்கும் வரிசை மாலகியின் கைக்கு வந்தது. முதலில் ஆஸ்திரேலிய அணியான ஹோபார்ட். கடைசியில் கொனாக்ட். அவர் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு டெஸ்ஸுக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"வழக்கப்படின்னு நீதானேய்யா சொன்னே?" என்றார் டெஸ், நிஜமான ஆச்சரியத்தோடு.

அதற்குள் யூனன் லீக்கில் ஆடக் கையெழுத்துப் போட்டிருந்தான். காசுக்கு ஆடச் சம்மதித்தவனுக்கு ஊர் அணியில் இடமில்லை. யாரும் அவனை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பயிற்சிக்கு வரச்சொல்லி வருகிற செய்தி மட்டும் அவன் போனுக்கு வருவது நின்றுபோனது. பையன் அதற்காக முகம் வாடவில்லை.

"எந்த ஊரு எடுத்தாலும் சரிப்பா. எடுத்தாப் போதும். ரெண்டு வருஷம் ஆடிட்டு வந்துருவேன்."

ரெண்டு வருஷம் என்றுதான் கார்மக்கும் சொல்லிவிட்டுப் போனான். அவன் போய் எத்தனை கிறிஸ்துமஸ் ஆயிற்று!

தேர்வு நாள் அத்லோனில், ஆற்றங்கரை ஓட்டலில். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஹோபார்ட் பயிற்சியாளர் கிளைவ் பாஸ்கோ தட்டோடு வந்து மாலகியின் தோளைத் தட்டினார்.

"உங்க பையன் ஆட்டத்தைப் பார்த்தேங்க. அந்த இடது காலு! முதல் பேரே அவன்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எந்தத் தகப்பனுக்கும் மனம் குளிர்ந்துபோக வேண்டிய வார்த்தை. மாலகிக்கு ஹோபார்ட் என்ற பெயர்தான் காதில் நின்றது. உலகத்தின் அந்தக் கோடியில் ஒரு ஊர். போய்விட்டால் அவ்வளவுதான். அங்கேயே ஒரு பெண்ணைப் பார்ப்பான், அங்கேயே ஒரு வீடு. கூரை இல்லாத வீட்டை விற்ற வாய், யோசிப்பதற்குள் திறந்துகொண்டது.

"உங்களை ஏமாத்த மனசு வரலை கிளைவ். அவன் முழங்கால் சரியில்லை. உள்ளே தசைநார் கிழிஞ்சிருக்கு. அவனே வெளிய சொல்ல மாட்டான். இது நமக்குள்ளயே இருக்கட்டும்."

பாஸ்கோவின் முகம் விழுந்தது. "பெத்தவரே சொல்றீங்க. ரொம்ப நன்றிங்க."

மாலகி போட்ட கணக்கு சின்னது. முதலில் எடுக்கிறவர்கள் கைவிட்டால், கடைசியில் நிற்கிற கொனாக்ட் அள்ளிக்கொள்ளும். அதன் பயிற்சியாளர் பேடர் கில்லோரன் யூனனைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவனைத்தான் எடுப்பார்.

ஆனால் அது ஓட்டல். தேநீர் ஆறுவதற்குள் அந்த முழங்கால் எல்லா மேஜைக்கும் நடந்துபோய் வந்துவிட்டது.

அணிகள் சீட்டில் எழுதித் தருகிற பெயரை வாசிக்கிற பொறுப்பு மாலகியுடையது. லீக்கின் தலைவர் அல்லவா. முன்வரிசையில் அட்ராக்டாவுக்குப் பக்கத்தில், புதுச் சட்டையில், யூனன் உட்கார்ந்திருந்தான். ஹோபார்ட் யாரோ ஒரு கெர்ரி மாவட்டத்துப் பையனை எடுத்தது. மாலகிக்கு மூச்சு வந்தது. ஒவ்வொன்றாக வந்து கடைசியில் கொனாக்டின் சீட்டு கைக்கு வந்தது. பிரித்தார். அதில் இருந்தது ஒரு மெல்பர்ன்காரனின் பெயர். சரி, அடுத்த சுற்று. அடுத்த சுற்றிலும் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. அவர் வாசிக்க வாசிக்க, யூனனைவிட ஓடத் தெரியாத பிள்ளைகளெல்லாம் மேடையேறி வந்து அவரிடமே சீருடை வாங்கிக்கொண்டு போனார்கள். யூனன் எல்லாருக்கும் கை தட்டினான். பிறகு தட்டுவதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். அட்ராக்டா அவன் முழங்கை மேல் கை வைத்தாள். அவன் மெதுவாக எடுத்துவிட்டான்.

ஒரு வார்த்தை போதும். நான் சொன்னது பொய் என்று மாலகி அந்த ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கலாம். தலைவனே முதல் நாளில் ஒரு அணியை ஏமாற்றினான் என்றால் லீக் அன்றே செத்திருக்கும். சாகட்டுமே என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் அடுத்த சீட்டைப் பிரித்தார்.

எல்லாம் முடிந்ததும் கில்லோரனைத் தூணோரமாகப் பிடித்தார். "பேடர், என் பையனை ஏன்யா விட்டே?"

கில்லோரன் சங்கடத்தோடு தொப்பியைத் திருகினார். "கால் விஷயம் காதுல விழுந்துச்சு மாலகி. உன்னையே கேக்கலாம்னுதான் வந்தேன். இப்படிப்பட்ட நாள்ல கேட்டு உன்னை ஏன் நோகடிக்கணும்னு விட்டுட்டேன்."

"இப்ப எடுத்துக்கய்யா. கால் ஒண்ணும் அவ்வளவு மோசமில்லை."

"பேரெல்லாம் முடிஞ்சுபோச்சே. அப்புறம் யாரையும் சேர்க்கக் கூடாதுங்கறது நீ போட்ட விதிதானே?" என்றவர், தணிந்த குரலில், "காலைப் பார்த்துக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த ஊர்க்காரர்களின் நாகரிகம் இருக்கிறதே, அது ஆளையே கொல்லும்.

லீக் தொடங்கிவிட்டது. முதல் ஆட்டத்துக்கு நல்ல கூட்டம். அந்த வாரமே யூனன் சிட்னிக்குக் கிளம்பினான், அண்ணனோடு சாரம் கட்ட. நாக் விமான நிலையத்தில் அட்ராக்டா, "ஏதாவது வாங்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அழுவதற்காகக் கடைப் பக்கம் போனாள். தகப்பனும் மகனும் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா? நெஜத்தைச் சொல்லணும்."

"கேளுடா."

"நீங்க எல்லாரோட ஆட்டத்தையும் பார்த்தவரு. நான்... அவ்வளவு மோசமாவா ஆடுறேன்?"

உன்னைத்தான் முதல் பெயராக எடுக்க இருந்தார்கள் என்ற ஒரு வரி மாலகியின் நாக்கில் நின்றது. அதைச் சொன்னால் பிள்ளை தலைநிமிர்ந்து விமானம் ஏறுவான். ஏறுவதற்கு முன்னால் அப்பனை ஒரு பார்வை பார்ப்பான். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியாது.

"அவனுங்களுக்குக் கண்ணு இல்லடா," என்றார்.

யூனன் தலையை ஆட்டினான். அப்பா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று அவனுக்குப் புரிந்தது.

"பரவாயில்லப்பா. எனக்காக நீங்க எவ்வளவோ பண்ணீங்க. எனக்குத்தான் ஆட வரலை," என்று சொல்லி அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.