பழிப்புக் காட்டிய நாய்

என் வீட்டுக்காரர் சுந்தரபாண்டிக்கு இடுப்பு வலி என்பது ஊருக்கே தெரியும். ஒத்துக்கொள்ளாதவர் அவர் ஒருவர்தான். மொபெட்டிலிருந்து விழுந்ததிலிருந்து இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். கேட்டால் செருப்பு சரியில்லை என்பார். புதுச் செருப்பும் வாங்கிவிட்டார், மகராசன்.

இந்த லட்சணத்தில் எங்கள் கிழட்டு நாய் மைனரும் நொண்ட ஆரம்பித்தது. அதுவும் இடது பின்னங்காலை. அவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு முன்னால் போக, அது அதே மாதிரி இழுத்துக்கொண்டு பின்னால் போகும். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் கம்பை விட்டெறிந்தார்.

"இந்த நாயி எனக்குப் பழிப்புக் காட்டுது. காரியாபட்டி சந்தையில கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்."

"அதுக்குக் கால் வலிங்க."

"வலிச்சாக் கத்தாதா? நீதான் சொல்லிக் குடுத்துருப்ப."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஞ்சியை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் படுத்துக்கொள்கிற ஜீவனைச் சந்தையில் விடுவாராம். பக்கத்து வீட்டு மாரிச்செல்வத்தின் லோடு ஆட்டோவை வரச் சொன்னேன்.

"மொதல்ல நரிக்குடி மாட்டாஸ்பத்திரியில காட்டுவோம். நடிப்புன்னு டாக்டரம்மா சொல்லட்டும், நானே சந்தையில எறக்கி விடுறேன்."

அங்கே போனால், மைனர் நான்கு காலிலும் விறைப்பாக நின்று வாலை ஆட்டுகிறது.

"பாத்தீகளா டாக்டரம்மா, இம்புட்டு நாளும் நடிச்சிருக்கு."

"புது இடத்துல வலியை மறைக்கும்ங்க. கத்தாது. வீட்ல எப்படி இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"விடியக்காலம் எந்திரிக்கிறதுதான் பெரும்பாடு. முக்கி முனகி, சுவத்தப் பிடிச்சு..."

"நாயா?"

"நாய்தான். படியேறயில நின்னு யோசிக்கும். அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க ஏலாது. பக்கத்துல வந்தா வள்ளுன்னு விழுகும். கோவம் இல்லம்மா, தொட்டுருவாகளோன்னு பயம். வீட்ல சொன்னா ஆட்ட வித்துருவா..."

மாரிச்செல்வம் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடவே படுத்து எழுகிற என்னிடம் சொல்லாததை, இந்த மனுஷன் நாயின் பேரில் யாரோ ஒரு டாக்டரிடம் சொல்கிறார்.

டாக்டரம்மா மைனரின் இடுப்பை மெதுவாக அழுத்தினார். அது கத்தவில்லை. காதைப் பின்னால் ஒட்டிக்கொண்டு, முகத்தைத் திருப்பி உதட்டை நக்கியது.

"இங்கதான் வலி. வயசாச்சுல்ல, மூட்டுத் தேஞ்சிருக்கு. மாத்திரை தாரேன். நாம போடுற வலி மாத்திரையை மட்டும் குடுத்துராதீங்க, அதுக்கு ஆகாது."

இவர் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதன் தலையில் கையை வைத்தார்.

"எனக்கும் அங்கனதான்டா," என்றார்.

வெளியே வந்ததும், அருப்புக்கோட்டை எலும்பு டாக்டரிடம் வண்டியை விடச் சொன்னேன். நானும் மாரிச்செல்வமும் மைனரைத் தூக்கி ஏற்றினோம். இவர் ஆட்டோவின் ஓரத்தைப் பிடித்தபடி கீழேயே நின்றார்.

"ஆட்ட விக்க மாட்டேல்ல?"

"மாட்டேன்."

"அப்ப என்னையும் தூக்கி விடு."