துரையும் மூன்று நீல மீன்களும்

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் லிஃப்ட் மெக்கானிக்கான அவனுக்கு மனைவி விஷயத்தில் மனம் சஞ்சலப்பட்டதே கிடையாது. கடைசியில் அதுவும் வந்தது. ஒரு மீனால் வந்தது.

அவர்கள் வீட்டுக் கூடத்தில் மூன்றரை அடி நீளத்தில் ஒரு மீன் தொட்டி இருந்தது. போன கோடையில் மின்சாரம் போய், மோட்டார் நின்று, மீன்களெல்லாம் செத்துப்போனதிலிருந்து அது காலியாகவே கிடந்தது. மறுபடி தொடங்குவதென்று முடிவெடுத்தவன், இந்த முறை எல்லாவற்றையும் முறையாகச் செய்தான். ஆப்பிரிக்க ஏரி மீன்களான மஞ்சள் சிக்லிட்தான் வளர்ப்பது என்று தீர்மானித்து, அவற்றுக்குப் பிடித்த கடினமான தண்ணீருக்காக அடியில் கிளிஞ்சல் தூள் பரப்பினான். பாறைகளைக் குகை குகையாக அடுக்கினான். வடிகட்டியை ஓடவிட்டு, அதில் நல்ல கிருமிகள் சேரட்டுமென்று மீனே விடாமல் ஒரு மாதம் பொறுத்திருந்தான்.

"தண்ணி பழுக்கணும்" என்பான்.

"பழுக்கிறதுக்கு அது என்ன மாம்பழமா?" என்பாள் மனைவி. "வெறும் தண்ணிய இப்படிப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கிற ஆள நான் கண்டதே இல்ல."

கடைசியில் எட்டு மஞ்சள் மீன்கள் வந்தன. பார்க்க அழகுதான். ஆனால் அவன் தலையைக் கண்டாலே பாறைக்குப் பின்னால் ஓடி ஒளிந்தன. கடன்காரனைக் கண்ட மாதிரி ஓடுகின்றனவே என்று அவனுக்கு வருத்தம்.

இந்த நேரத்தில்தான் அவள் ஒரு பெயின்ட் வாளியோடு வந்து நின்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு வேலை. வாடிக்கையாளர் ஒருவர் வீடு மாறிப் போகிறாராம், தூக்கிக்கொண்டு போக முடியாது என்று அவளிடம் கொடுத்துவிட்டாராம். வாளிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆஸ்கர் மீன். கரிய உடம்பில் நெருப்புத் துண்டுகள் ஒட்டியதுபோல் செம்மஞ்சள் திட்டுகள்.

"இதுவும் சிக்லிட்தான். ஆனா வேற கண்டத்து மீன். இதுக்கு மென்மையான தண்ணி வேணும். அதோட இதச் சேக்கக் கூடாது" என்றான்.

"ரெண்டு நாள் இருக்கட்டும். வேற வழி பாக்கலாம்."

வேறு வழியை யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் மீன்களை அது சீண்டவில்லை. அவை எட்ட நின்றே பிழைத்தன. அவள் அதற்குத் 'துரை' என்று பேர் வைத்தாள். வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "துரை என்ன பண்றாரு?" என்று குரல் கொடுப்பாள். துரை கண்ணாடியோரம் வந்து உடம்பை ஆட்டும். அவள் விரல் நுனியில் தீனியை நீட்டினால் எட்டி வாங்கித் தின்னும். அன்றைக்குக் கடையில் நடந்ததெல்லாம் துரைக்குத்தான் முதலில் போய்ச் சேரும். சோபாவில் கைபேசியும் கையுமாக இருப்பவனுக்குப் பக்கவாட்டில் கேட்டால் உண்டு.

ஒரு நாள் அவனும் தீனியை நீட்டிப் பார்த்தான். துரை நிதானமாகத் திரும்பி முதுகைக் காட்டியது.

அவனுக்கு வயிறு எரிந்தது. தண்ணீரைப் பழுக்க வைத்தவன் நான், வாரா வாரம் வாளி தூக்கி மாற்றுகிறவன் நான், உறவு கொண்டாடுவது மட்டும் அவளோடா? மீனோடு போட்டியா என்று தன்னையே திட்டிக்கொண்டும் பார்த்தான். எரிச்சல் அடங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை வளர்ப்பு மீன் கடைக்குப் போனான். கறுப்புக் கோடு போட்ட நீலச் சிக்லிட்டுகள் மூன்றைக் கை காட்டினான்.

"அண்ணே, இதுங்க ரவுடிப் பசங்க. உங்ககிட்ட ஆஸ்கர் இருக்குல்ல? பிச்சுப்புடும்" என்றார் கடைக்காரர்.

"தெரியும். போடுங்க."

தொட்டி கொஞ்சம் கலகலப்பாக இருக்கட்டுமே என்றுதான் வாங்குவதாக வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டு வந்தான். பாதி வழியிலேயே அதை அவனால் நம்ப முடியவில்லை. ஆனாலும் திரும்பிப் போகவில்லை.

நீல மீன்கள் வந்ததும் பாறைக் குகைகளைத் தங்கள் வசமாக்கிக்கொண்டன. அந்த வாரத்திலேயே துரையின் வால் கடிபட்டுக் கந்தல் துணியாயிற்று. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்தது. வடிகட்டிக் குழாய்க்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டு, அவள் விரலை நீட்டியும் வர மறுத்தது.

"சேந்து இருக்கும்னு கடைக்காரர் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"சொன்னாரே" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் அவளே மருந்து வாங்க அந்தக் கடைக்குப் போனாள். வந்தவள் கைப்பையைக்கூட வைக்கவில்லை.

"'நான் அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேனே அக்கா'ங்கிறாரு அவரு. வேணும்னுதான் செஞ்சீங்களா?"

அவனால் மழுப்ப முடியவில்லை. "நீ துரைகிட்ட பேசுற மாதிரி என்கிட்ட பேசி எவ்வளவு காலமாச்சு?" என்றான். சொன்ன பிறகுதான் எவ்வளவு சின்னத்தனமாக இருக்கிறதென்று புரிந்தது.

"நான் உள்ள வர்ற சத்தம் கேட்டா அது கண்ணாடிகிட்ட ஓடி வருது. நீங்க ஒரு நாளாவது தலைய நிமித்திப் பாத்திருக்கீங்களா? யார்கிட்ட பேசச் சொல்றீங்க?"

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிக்குள் கையை விட்டான். துரையைப் பிடித்து, தொட்டித் தண்ணீரையே நிரப்பிக் காற்றுக் குழாய் போட்ட ஒரு பெரிய வாளியில் விட்டான். நீலத்தையும் மஞ்சளையும் பைகளில் கட்டிக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தான். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அதுவே அவனுக்குக் கூசியது.

திரும்பி வந்து பாறைகளையும் கிளிஞ்சல் தூளையும் அள்ளி வெளியே போட்டான். வடிகட்டியின் பஞ்சை மட்டும் பழைய தண்ணீரிலேயே நனைத்து வைத்தான். குழாய்த் தண்ணீரில் கழுவினால், ஒரு மாதம் காத்திருந்து சேர்த்த நல்ல கிருமிகள் செத்துப்போகும். மணலைப் பரப்பி, துரைக்கு ஏற்ற மென்மையான தண்ணீராகப் பார்த்து நிரப்பினான். இடையில் அவள் வெளியே வந்து, பேசாமல் வாளியில் மருந்தை அளந்து ஊற்றிவிட்டுப் போனாள்.

துரை பிழைத்துக்கொண்டது. வால் வளர்ந்தது, ஒரு கண் மட்டும் மங்கலாகவே நின்றுவிட்டது. வீட்டில் பேச்சுத் திரும்ப அதைவிட அதிக நாளாயிற்று. முதலில் 'சாப்பாடு ஆச்சு', 'பால் தீந்துபோச்சு' என்று வந்து, பிறகு மெல்ல மெல்லக் கடைக் கதைகளும் வந்தன. அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துக் கேட்டான். இருந்தும் துரை இன்றுவரை அவன் கையில் வாங்கித் தின்றதில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது அவனாகவே சொன்னான். "உண்மையச் சொல்லட்டுமா? இப்பவும் எனக்குத் துரை மேல பொறாமைதான்."

அவள் சிரித்துவிட்டாள். "இருந்துட்டுப் போகட்டும். நீல மீன் மாதிரி கடிக்காம இருந்தா சரி" என்று அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.