ரயில்வே கேட்டில் பிறந்தவள்

காரைக்குடிக்குப் போகும் வழியில் ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. ஆம்புலன்ஸுக்குள் பாண்டிமீனா பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். துணைக்கு இருந்தது அகல்யா மட்டும்தான். அவள் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. பயிற்சியில் பொம்மைக் குழந்தையையே நழுவவிட்டவள். நிஜத்தில் ஓர் உயிரைப் பறிகொடுத்துவிடுவோமோ என்ற பயம் அவளை விட்டுப் போகவே இல்லை.

"காளிராஜ் அண்ணே, கேட்டைத் திறக்கச் சொல்லுங்க!" என்று ஓட்டுநரிடம் கத்தினாள் அகல்யா.

"ரயில் வருதும்மா. நீங்கதான் பாக்கணும்."

"என்னால முடியாதுண்ணே."

சொல்லி முடிப்பதற்குள் குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டது. கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்தது. அகல்யா கொடிக்கு அடியில் விரலை நுழைத்து, மெல்லத் தளர்த்தி, தலைக்கு மேலாகக் கழற்றினாள். குழந்தை வழுக்கிக்கொண்டு அவள் கையில் விழுந்தது. உடம்பெல்லாம் நீலம் பாரித்திருந்தது.

"ஏன்க்கா அழுகல? சொல்லுங்கக்கா!" என்று பாண்டிமீனா கதறினாள்.

அகல்யா துணியால் துடைத்து முதுகைத் தேய்த்தாள். அசைவில்லை. சின்ன மாஸ்கை முகத்தில் பொருத்தி, காற்றுப்பையை அமுக்கத் தொடங்கினாள். பக்கத்தில் ரயில் தடதடத்துப் போனது அவள் காதில் விழவில்லை. அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழந்தை இருமியது. பிறகு வீறிட்டு அழுதது.

"பொம்பளப் புள்ள!" என்றாள் அகல்யா.

"கேட்டைத் திறந்துட்டாக, கிளம்பவாம்மா?" என்றார் காளிராஜ்.

"இருங்கண்ணே, கொடியை வெட்டிக்கிறேன். நான் சொன்னதும் வண்டிய எடுங்க."

அது தன் குரல்தானா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.