காணாமல் போன அறுபத்தொரு புத்தகங்கள்

ஹுமேராவைக் கண்டால் திருமூர்த்திக்கு வயிறு எரியும். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. அவர் மனைவிக்குத் தெரியும், கல்லூரி ஆபீசில் பாதிப்பேருக்குத் தெரியும். ஹுமேராவுக்கு மட்டும் தெரியாது என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

இருவரும் நூலகப் படிப்பை ஒரே வகுப்பில் படித்தவர்கள். அவர் முதல் ரேங்க், அவள் இரண்டாவது. ஒரே அறக்கட்டளையின் இரண்டு கல்லூரிகளில் இருவருக்கும் வேலை கிடைத்தது. அவருக்குப் பெரியநாயக்கன்பாளையம், அவளுக்குக் கிணத்துக்கடவில் பெண்கள் கல்லூரி. இருபத்தாறு வருடத்தில் அந்த முதல் ரேங்கை அவரைத் தவிர எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அவளுடைய நூலகத்தில் பீரோவே கிடையாது. எல்லாம் திறந்த அலமாரி. பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து படிப்பார்கள். எந்தப் புத்தகம் எந்த வரிசையில் இருக்கிறது என்று வாசலில் இருக்கும் கணினி சொல்லிவிடும். இதற்கெல்லாம் பணம் ஏது என்று கேட்டால், பழைய மாணவிகளுக்குப் போன் போட்டுப் போட்டு வாங்கினாளாம். திருமூர்த்திக்கு யாரிடமும் கை நீட்ட வராது. அதை அவர் கௌரவம் என்று சொல்லிக்கொள்வார். அவளுடைய படம் ஒரு தரம் பேப்பரில் வந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் அன்று அவருடைய நூலகத்து வாசகர் மேசையில் காணவில்லை.

அவருடைய நூலகத்தில் முப்பத்தெட்டு இரும்பு பீரோ, முப்பத்தெட்டுப் பூட்டு. அதற்கும் காரணம் உண்டு. அவருக்கு முன்னால் இருந்த அரங்கசாமி ஓய்வு பெற்றபோது தொண்ணூறு புத்தகம் குறைந்தது. அதற்கான தொகையை மனிதர் கைக்கு வரவேண்டிய பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம் அது. அவர் ஆபீஸ் வாசலில் நின்று அழுததைத் திருமூர்த்தி பார்த்தார். அடுத்த வாரமே பூட்டு வாங்கினார். அன்றிலிருந்து வருடா வருடம் கணக்கெடுப்பில் 'இழப்பு இல்லை' என்றுதான் எழுதி வருகிறார். அவருக்கு இருக்கும் ஒரே பெருமை அது.

இந்த நிலையில்தான் நரசிம்மலு அந்தச் சேதியைச் சொன்னார். மோட்டார் பம்பு கம்பெனி முதலாளி, அறக்கட்டளையில் முக்கியமான ஆள். நூலகத்தைப் புதுப்பிக்க நாற்பது லட்சம் தருகிறேன், பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தால் யாருக்கும் உருப்படாது, அதனால் இரண்டில் ஒரு கல்லூரிக்குத்தான், இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன் என்றார். கணினிகள், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குச் சந்தா, பழைய நூல்களை ஸ்கேன் செய்யும் கருவி எல்லாம் அதில் வரும்.

திருமூர்த்தி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. பணி முடிய இன்னும் சில வருடம்தான். போவதற்குள் ஒரு தரமாவது அவளை முந்த வேண்டும். ஆனால் நேர்வழியில் போனால் அவள்தான் ஜெயிப்பாள் என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

அடுத்த சனிக்கிழமை காந்திபுரம் போய், அங்கிருந்து உக்கடம் போய், பொள்ளாச்சி பஸ் ஏறிக் கிணத்துக்கடவில் இறங்கினார். சும்மா பார்த்துப் போக வந்தேன் என்றார். ஹுமேராவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். டீ வாங்கிக் கொடுத்து, கணினி முன்னால் நாற்காலியைப் போட்டு, எதை வேண்டுமானாலும் பாருங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள். மூன்று சனிக்கிழமை இப்படிப் போனார். கணினி 'அலமாரியில் உள்ளது' என்று காட்டும் புத்தகம் நிஜமாகவே இருக்கிறதா என்று வரிசை வரிசையாகத் தேடினார். முதுகு பிடித்துக்கொண்டது, விடவில்லை. இல்லாத ஒவ்வொரு புத்தகமும் அவருக்குத் தேனாக இனித்தது. மொத்தம் அறுபத்தொன்று.

பிறகு நரசிம்மலுவுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி. கையெழுத்து தெரிந்துவிடக்கூடாது என்று துடியலூரில் ஒரு கடையில் டைப் அடித்து வாங்கினார். பொறுப்பில்லாத நூலகரிடம் நாற்பது லட்சத்தைக் கொடுப்பது கிணற்றில் போடுவதற்குச் சமம் என்று நான்கு வரி, அதன் கீழே அறுபத்தொரு புத்தகத்தின் பட்டியல். தபால் பெட்டிக்குள் அது விழுந்த சத்தம் கேட்டதும் மனசு லேசானது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

நரசிம்மலு முதலில் பெரியநாயக்கன்பாளையத்துக்குத்தான் வந்தார். திருமூர்த்தி ஒவ்வொரு பீரோவாகத் திறந்து காட்டினார். இருபது வருடம் ஆன புத்தகம்கூட நேற்று வாங்கியதுபோல் இருந்தது. போன மாதம் எத்தனை புத்தகம் வெளியே போனது என்று நரசிம்மலு கேட்டார். பத்தொன்பது என்றார். அவ்வளவும் திரும்பி வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னார். நரசிம்மலு, பீரோவை நல்லா வச்சிருக்கீங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அதையும் பாராட்டு என்றே திருமூர்த்தி எடுத்துக்கொண்டார்.

அவர் கிணத்துக்கடவையும் பார்த்துவிட்டு வந்த பிறகு, பத்து நாள் கழித்துப் பீளமேட்டில் அறக்கட்டளை ஆபீசுக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். நரசிம்மலு கடுதாசியை எடுத்து ஹுமேராவின் முன்னால் வைத்தார். பெயர் போடாமல் எழுதுகிறவனை நான் மதிப்பதில்லை, ஆனால் எழுதியிருப்பது நிஜமா என்று தெரிய வேண்டும் என்றார்.

ஹுமேரா படித்தாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பட்டியலில் குறுக்கே நகர்ந்து கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் நின்றது. அப்போதுதான் திருமூர்த்திக்குத் தான் செய்த கூத்து உறைத்தது.

வகை எண், ஆசிரியரின் குடும்பப் பெயர், வெளியான வருடம், பக்கம், இவற்றோடு புத்தகத்தின் உயரம் இத்தனை சென்டிமீட்டர் என்றும் எழுதி வைத்திருந்தார். அந்தக் காலத்து நூலட்டையில் அப்படித்தான் எழுதவேண்டும். அவரும் ஹுமேராவும் படித்த வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் உயரத்தை விட்டுவிட்டு எழுதி மார்க்கை இழந்தபோது, அவர் ஒருவர்தான் கடைசிவரை விடாமல் எழுதி முதல் ரேங்க் வாங்கினார். கணினியில் இருந்த உயரத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு எழுத அவருக்குக் கை வரவில்லை. மொட்டைக் கடுதாசியில் புத்தகத்தின் உயரத்தை எழுதுகிற ஆள் இந்த உலகத்தில் வேறு யார் இருப்பார்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக அவர் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நிசந்தானுங்க," என்றாள் ஹுமேரா. "புள்ளைங்க எடுத்துட்டுப் போயிடறாங்க. அதுக்காகப் பூட்டி வெச்சா ஒருத்தியும் படிக்க வரமாட்டா. மாசத்துக்கு ரெண்டாயிரம் புக்கு வெளிய போகுது. அதுல சிலது வராம இருக்கத்தான் செய்யுமுங்க."

இதை எழுதியது யாரென்று தெரியுமா என்று நரசிம்மலு கேட்டார்.

"தெரியாதுங்க. ஆனா ரொம்பச் சுத்தமான வேலை. இப்படியொரு கணக்கெடுப்பு எடுக்க எங்க கிட்ட ஆளில்லீங்க."

அவள் திருமூர்த்தி பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி முறைத்திருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். நாற்பது லட்சமும் கிணத்துக்கடவுக்கே என்று நரசிம்மலு அங்கேயே சொல்லிவிட்டார். காணாமல் போகிற அளவுக்குப் புத்தகத்துக்குக் கிராக்கி இருக்கிற இடத்தில் போட்ட பணம் வீண் போகாது என்றார். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதுபோல, அந்தக் கடுதாசியே அவளுக்குச் சிபாரிசாகிவிட்டது.

வெளியே மரத்தடியில் ஹுமேரா அவருக்காகக் காத்திருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பழைய துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினாள். ஒரு கல்லூரி நூலகம் இன்னொரு கல்லூரிக்குக் கடன் கொடுக்கும்போது எழுதும் சீட்டு. தென்னை நோய்களைப் பற்றிய ஒரு புத்தகம். வாங்கியவர் திருமூர்த்தி, தேதி ஒன்பது வருடத்துக்கு முந்தையது. அவளுடைய நூலகம் கணினிக்கு மாறாத காலம் அது.

"அந்த லிஸ்ட்டுல இதுவும் இருக்குதுங்கண்ணா. பழைய சீட்டுங்கறதால கம்ப்யூட்டர்ல ஏறாம இருந்திருச்சு. உங்க பீரோவுல இருக்கும்னு நெனைக்கறேன். பாத்துச் சொல்றீங்களா?"

இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்று மட்டும் அவர் கேட்டார். கேட்டால் அவருடைய கணக்கில் ஒரு கரும்புள்ளி விழும், அதற்கு மனசு வரவில்லை என்றாள். எந்தப் பாசாங்கும் இல்லாமல் சொன்னாள். அதுதான் அவரைச் சுட்டது.

மறுநாள் எல்லோரும் போன பிறகு தாவரவியல் பீரோவைத் திறந்தார். மூன்றாவது தட்டில், இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவில் அது இருந்தது. கிணத்துக்கடவுக் கல்லூரி முத்திரையும் இருந்தது. யாரோ ஒரு பேராசிரியருக்காக வாங்கியது. அவரும் ஓய்வு பெற்றுப் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. அது வந்த பிறகும் ஒன்பது தரம் 'இழப்பு இல்லை' என்று கையெழுத்துப் போட்ட ஆளின் பீரோவுக்குள் அடுத்தவளுடைய புத்தகம்.

கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். இரண்டு மணி நேரப் பயணம்தான். ஆனால் அவள் அந்தச் சனிக்கிழமைகளில்போலவே சந்தோஷமாகச் சிரிப்பாள். டீ வாங்கிக் கொடுப்பாள், புதிதாக வரப்போகிற கணினிகளை எங்கே வைக்கப்போகிறேன் என்று காட்டுவாள், ஒரு சுடுசொல் சொல்லமாட்டாள். நாற்பது லட்சத்தைக்கூட அவர் செரித்துவிடுவார். அவளால் இவ்வளவு லேசாக ஒன்றை விட்டுக்கொடுக்க முடிகிறதே, தன்னால் ஒரு பக்கம் பேப்பரைக்கூட விட முடியவில்லையே, அதைத்தான் செரிக்க முடியவில்லை. அவளுடைய நூலகத்தைப் பார்த்துப் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.

புத்தகத்தை இடது கையில் வைத்துக்கொண்டே அவளுக்குப் போன் போட்டார்.

"நல்லாத் தேடிப் பாத்துட்டனுங்க அம்மணி. எங்க பீரோவுல அந்தப் புக்கு இல்லீங்க."



"சரிங்கண்ணா," என்றாள் ஹுமேரா. "அப்ப உங்க லிஸ்ட்டு சரிதானுங்க. அறுபத்தொண்ணும் காணாமத்தான் போயிருக்குது."