மேற்கண்ட அனைத்தும்

செவிலியர் கல்லூரியில் அந்த ஆசிரியைக்குக் கம்ப்யூட்டரம்மா என்று பட்டப்பெயர். காகிதத் தேர்வை ஒழித்துக் கணினித் தேர்வைக் கொண்டுவர ஒற்றைக் காலில் நின்றவர் அவர்தான். "கம்ப்யூட்டருக்கு வேண்டியவங்க வேண்டாதவங்க கிடையாது" என்று எல்லோர் வாயையும் அடைத்தவர். இப்போது முடிவுகள் வெளியாகும் நேரத்தில், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அறைக்குள் அலைந்துகொண்டிருந்தார்.

எல்லாம் வக்கீல் வைத்த வினை. எதையும் எழுத்தெழுத்தாகப் படித்துக் குறுக்குக் கேள்வி போடுவதால் அந்த மாணவிக்கு அப்படிப் பெயர். வார்டில் அவளை மிஞ்ச ஆளில்லை. தேர்விலோ ஒரே மதிப்பெண்ணில் தோற்றிருந்தாள். தோற்றால், கிடைத்திருந்த ஆஸ்பத்திரி வேலை கைநழுவிப் போகும்.

காலையில் வந்து கேட்டாளே ஒரு கேள்வி! "மிஸ், அறுவை சிகிச்சைக்கு அப்புறம் எதை உடனே டாக்டர்கிட்ட சொல்லணும்னு கேட்டீங்க. என் ஸ்கிரீன்ல 'மேற்கண்ட அனைத்தும்'ங்கிறது முதல் விடையா வந்துச்சு. அதுக்கு மேல ஒண்ணுமே இல்லையே?"

பக்கத்தில் பார்த்து எழுதாமலிருக்கக் கணினி விடைகளைக் குலுக்கிப் போடும். பழைய தாளில் கடைசியாக இருந்த விடையை அப்படியே ஏற்றியது இவர்தான். அட, புத்தி எங்கே போயிருந்தது!

"நான் என்ன நினைச்சு கேட்டேன்னு உனக்குப் புரியலையா?"

"புரிஞ்சுது மிஸ். ஆனா சீட்டுல எழுதினதைத்தான் செய்யணும், டாக்டர் இதைத்தான் நினைச்சிருப்பார்னு ஊகிச்சு ஊசி போடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதான் மூச்சுத்திணறல்னு போட்டேன்."

ஆசிரியைக்குச் சுருக்கென்றது. ஊகித்தவர்களுக்கு மதிப்பெண், சொன்னபடி கேட்டவளுக்குத் தோல்வி. அப்புறம் என்னத்தை அளந்தது இந்தத் தேர்வு?

விஷயத்தைக் கேட்டும் கல்லூரி முதல்வர் அசரவில்லை. "ஏம்மா, ஒரு கேள்வி தப்புன்னா மொத்தப் பரீட்சையும் சந்தி சிரிக்கும். உங்க பேரும் சேர்ந்து போகும். கருணை மதிப்பெண் போட்டு முடிச்சிடுங்க."

ஆசிரியைக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. மாணவி பெயரில் கருணை மதிப்பெண் விண்ணப்பத்தைத் தானே எழுதி, வக்கீலை வரவழைத்து நீட்டினார். "கையெழுத்துப் போடு. பாஸ் ஆயிடுவே."

அவள் வழக்கம்போல முதல் வரியிலிருந்து படித்தாள். பேனாவை மூடினாள். கண் கலங்கியிருந்தது.

"'பாடத்தில் போதிய அறிவு இல்லாததால்'னு இருக்கே மிஸ். எனக்குத் தெரியுமே."

வேலை போனாலும் போகட்டும் என்று நிற்கிறாள் பாவி! ஆசிரியை தாளைப் பிடுங்கினார். முழுவதையும் அடித்துவிட்டுக் கீழே எழுதினார்: 'என் கேள்வி தவறு. தேர்வு எழுதிய எல்லோருக்கும் அந்த மதிப்பெண் தரப்பட வேண்டும்.' தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டார்.

"முதல்வர்கிட்ட போறேன். அதுக்கு முன்னாடி நீ படி."

வக்கீல் அவசரப்படவில்லை. ஆசிரியை கையைப் பிசைந்தபடி எதிரே நின்றார்.

"சரியா இருக்கு மிஸ்," என்றாள் அவள்.