கை ஓய்ந்தது

காதில் டாக்டரின் குரல் ஓடிக்கொண்டிருக்க, தட்டச்சுக்காரி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முழுதாகக் கேட்டால்தான் அவளுக்குக் கை ஓடும். நோயாளிகளைப் பற்றி டாக்டர்கள் பேசிவைப்பதை எழுத்தாக்கும் அந்தக் கூடத்தில், பிழை என்று அவளிடம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆனாலும் வேலை நேரத்தில் சும்மா இருக்கிறாள் என்று இரண்டு எச்சரிக்கை வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தில் அவள் நாத்தனார் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அதே கம்பெனியில் வலைப்பக்கங்களைச் சரிபார்ப்பவள்.

"எங்க அண்ணனைக் கட்டி மேய்க்கறவங்க சும்மா இருக்காங்களாமே! யாரு கோள் சொல்றதுன்னு பாத்துடலாம்."

தட்டச்சு செய்யும் பக்கம், கம்பெனியின் வலைப்பக்கத்துக்குள் படம்போலச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இரண்டும் ஒரே தளம் என்பதால் வெளியிலிருந்து உள்ளே கையை விட முடிந்தது. நாத்தனார் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் எழுதினாள்.

"உள்ள இருக்கற ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும், அதான் ஆளுக்கொரு வேலை செய்யற நிரல் துண்டுக்கும், வாசல்ல ஓர் ஆளை நிறுத்திட்டேன் அண்ணி. எதைக் கூப்பிட்டாலும் பேரைக் குறிச்சுக்கிட்டுத்தான் உள்ள விடுவான். நீங்க எப்பவும்போல வேலை செய்யுங்க."

அவள் ஒரு எழுத்தைத் தட்டினாள். திரையோரத்தில் பெயர்கள் சரசரவென்று இறங்கின. இன்னொன்று தட்டினாள், இன்னொரு கூட்டம்.

"ஒரு எழுத்துக்கு இத்தனை பேரா ஓடறாங்க?"

"இப்ப கண்ண மூடிக் கேளுங்க."

கேட்டாள். மறுபடி கண்ணைத் திறந்தபோது திரையில் ஒரே பெயர் வரிசையாக நின்றது: கை ஓய்ந்தது, கை ஓய்ந்தது, கை ஓய்ந்தது. இத்தனை நாளும் தன் மூச்சுக்கு அருகிலேயே, கை நின்றதும் மேலே கோள் சொல்ல இது உட்கார்ந்திருந்திருக்கிறது.

"இதை மட்டும் உள்ள விடாம தடுத்துடேன்."

"தடுத்தா கண்டுபிடிச்சுடுவாங்க, வேலை போய் உங்க பின்னாலயே நானும் வீட்டுக்கு வரணும்."

அவள் யோசித்தாள். கேட்டுக்கொண்டே ஷிப்ட் பட்டனை மட்டும் தட்டிப் பார்த்தாள். எழுத்து ஏதும் விழவில்லை; அந்தப் பெயரும் வரவில்லை. நாத்தனார் வாய்விட்டுச் சிரித்தாள்.

வார முடிவுக்குள் அடுத்த இருக்கைக்காரிக்கும் தெரிந்தது. பிறகு வரிசை முழுக்க. கூடமே டக்டக்கென்று அதிர்ந்தது.

"இப்பதான் எல்லாரும் ஒழுங்கா வேலை செய்யறீங்க" என்று சொல்லிக்கொண்டே மேற்பார்வையாளர் கடந்து போனார்.

காதில் டாக்டர் யாருடைய இதயத்தைப் பற்றியோ நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் திறந்தபடி, ஷிப்டைத் தட்டிக்கொண்டே, சொன்னதில் பாதியைத் தவறவிட்டு, மூன்றாம் முறையாகப் பதிவைப் பின்னுக்கு ஓட்டினாள்.